அவசரப் பிரிவின் வரிசை எங்கே தொடங்குகிறது?

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு பெப்ரவரி மாத அதிகாலையில் என் அம்மம்மா குளியலறையில் விழுந்துவிட்டார். வயது 83. ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் தனியாக இருக்கிறார். "பிள்ளைகளோடு இருந்தால் பிள்ளைகளுக்கும் நிம்மதியில்லை, எனக்கும் நிம்மதியில்லை" என்பது அவருடைய கொள்கை. கனடாவில் பழைய கட்டடங்களின் குளியல் தொட்டியைப் பற்றி வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முழங்கால் உயரத்துக்கு ஒரு விளிம்பு. அதைத் தாண்டிக் காலை உள்ளே வைத்தால்தான் குளிப்பு. கிணற்றடியில் வாளியால் அள்ளி ஊற்றிக் குளித்துப் பழகிய ஒருவர், ஈரக்காலோடு அந்த விளிம்பைத் தாண்டும்போது பிடித்துக்கொள்ள அங்கே எதுவும் இருக்கவில்லை.

எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் தலைச்சுற்றும் மயக்கமும் விடவில்லை. அம்புலன்ஸில் கொண்டுபோய், அவசரப் பிரிவின் நடைபாதையில் ஒரு தள்ளுகட்டிலில் படுக்க வைத்தார்கள். இரத்தப் பரிசோதனையில் சோடியம் குறைந்திருந்தது தெரிந்தது. இரத்த அழுத்தத்துக்குப் புதிதாகக் கொடுத்திருந்த, சிறுநீரைக் கூட்டும் மாத்திரைதான் காரணம். இரவில் அடிக்கடி எழும்ப வேண்டியிருக்கிறதே என்று அம்மம்மா தண்ணீர் குடிப்பதைக் குறைத்திருக்கிறார். அதனால் சிறுநீர்த் தொற்றும் சேர்ந்துவிட்டது. வார்டில் அனுமதிக்க வேண்டும் என்று வைத்தியர் எழுதிவிட்டார். ஆனால் மேலே கட்டில் இல்லை. நடைபாதையிலேயே 19 மணித்தியாலங்கள். பொழுது போகாமல் எண்ணிப் பார்த்தேன். எங்கள் கண்ணுக்கெட்டிய தூரத்தில் 11 தள்ளுகட்டில்கள். நள்ளிரவுக்குப் பிறகு அம்மம்மா என்னைத் தன் இறந்துபோன தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார். அணையாத விளக்கும் ஓயாத இரைச்சலுமாக ஓர் இரவு போனால் முதியவர்களுக்கு இப்படிக் குழப்பம் வருவது வழமைதான் என்று தாதி ஒருவர் சொன்னார். அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னதுதான் எனக்கு அதிகம் பயத்தைத் தந்தது.

"சும்மா தடிமன் காய்ச்சலுக்கெல்லாம் ஆட்கள் வந்து குவிவதால்தான் இந்த நெரிசல்" என்று பக்கத்தில் நின்ற ஒருவர் பொருமினார். எங்கள் வீட்டுக் கொண்டாட்டங்களிலும் இந்தக் கருத்தைக் கேட்டிருக்கிறேன். நானும் நம்பியிருந்தேன். அது சரியல்ல. ஒன்ராறியோ அவசரப் பிரிவுகளின் தரவுகளை வைத்து மைக்கல் ஷல் முதலான ஆய்வாளர்கள் 2007 இல் வெளியிட்ட கட்டுரை, சிறு உபாதைகளோடு வருகிறவர்களால் மற்றவர்களின் காத்திருப்பு மிகச் சொற்பமாகவே கூடுகிறது என்று காட்டியது. தடிமன்காரருக்குக் கட்டில் தேவையில்லை. கதிரையில் இருந்து, மருந்துச்சீட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார். நடைபாதையை நிரப்புகிறவர்கள், அனுமதி கிடைத்தும் மேலே போக வழியில்லாதவர்கள்.

என் தொழில் மென்பொருள். முதுகலையில் ஒரு பருவம் முழுக்க வரிசைக் கோட்பாடு படித்தேன். பரீட்சை முடிந்ததும் மறந்துவிட்டதாக நினைத்திருந்த பாடம், அந்த நடைபாதையில் ஞாபகம் வந்தது. இந்தக் கணிதத்தைத் தொடக்கி வைத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த எர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசி நிலையத்துக்கு எத்தனை இணைப்புகள் வேண்டும் என்று கணக்கிடப் போய் 1909 இல் முதல் கட்டுரையை எழுதினார். பின்னர் 1961 இல் ஜோன் லிட்டில் என்ற அமெரிக்கர் மிக எளிய விதி ஒன்றை நிறுவினார்: ஓர் இடத்தில் சராசரியாக இருக்கும் ஆட்களின் எண்ணிக்கை, ஒரு நாளைக்கு வருகிறவர்களை அவர்கள் தங்கும் நாட்களால் பெருக்கினால் வரும். அவ்வளவுதான்.

30 கட்டில்கள் உள்ள ஒரு வார்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 5 பேர் வருகிறார்கள், ஆளுக்கு 6 நாள் தங்குகிறார்கள். ஐயாறு முப்பது, கணக்குச் சரி. இப்போது அந்த முப்பதில் 5 கட்டில்களில், வைத்தியம் முடிந்தும் வீட்டுக்குப் போக முடியாதவர்கள் படுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். மிச்சம் 25. நாளுக்கு நான்கு பேருக்குச் சற்று மேலேதான் எடுக்க முடியும். வருகிறவர்களோ ஐந்து பேர். ஒரு கிழமையில் ஏறக்குறைய ஆறு பேர் கீழே தேங்கிவிடுகிறார்கள். கீழே என்றால் அவசரப் பிரிவின் நடைபாதை. அது நிரம்பினால் அம்புலன்ஸ்காரர் நோயாளியை ஒப்படைக்க முடியாமல் வாசலில் நிற்பார். அந்த நேரம் இன்னொரு வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் அனுப்ப வண்டி இராது.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. வரிசைகள் நேர்கோட்டில் வளர்வதில்லை. பாடப்புத்தகத்தில் வரும் மிக எளிய, ஒற்றைச் சாளர வரிசையில், சாளரம் 80 வீதம் வேலையாக இருந்தால் காத்திருப்பு நான்கு பங்கு என்று வைத்தால், 90 வீதத்தில் ஒன்பது பங்கு, 95 வீதத்தில் பத்தொன்பது பங்கு. இணையச் சேவையகங்களைப் பராமரிக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது பழகிய பயம். ஆகவே சேவையகத்தில் எப்போதும் கொஞ்சம் இடம் விட்டு வைப்போம். ஒன்ராறியோவின் வைத்தியசாலைகள் நூறு வீதத்தைத் தொட்டும் தாண்டியும் ஓடுகின்றன.

வைத்தியம் முடிந்தும் கட்டிலில் இருப்போருக்கு இங்கே ஒரு பெயர் உண்டு: ஏ.எல்.சி. மாற்று நிலைப் பராமரிப்புக்குக் காத்திருப்பவர் என்று பொருள். பல ஆண்டுகளாக ஒன்ராறியோ வைத்தியசாலைகளில் ஏறத்தாழ ஆறு, ஏழு கட்டில்களுக்கு ஒன்று இவர்களிடம்தான் இருந்து வருகிறது. பெரும்பாலானோர் முதியவர்கள். இங்கிலாந்தில் இவர்களைக் 'கட்டிலை அடைத்துக்கொண்டிருப்பவர்கள்' என்றே சொல்லும் வழக்கம் இருந்தது. கேட்கவே காது கூசுகிறது. அடைத்துக்கொண்டிருப்பது யார்?

அம்மம்மாவுக்கு ஆறாம் நாள் சோடியம் சரியாகிவிட்டது. தொற்றும் போய்விட்டது. ஏழாம் நாள் காலை அவருடைய கோப்பில் ஏ.எல்.சி. என்று எழுதினார்கள். அதாவது, முதல் நாள் அந்த வரிசையில் நின்று அவதிப்பட்டவர், ஏழாம் நாளிலிருந்து அந்த வரிசைக்கே ஒரு காரணமாகிவிட்டார். அதன் பிறகு 31 நாட்கள் அங்கே இருந்தார். எதற்குக் காத்திருந்தோம் என்று நான் எழுதிவைத்த பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது. வீட்டை வந்து பார்க்க ஒரு தொழிற்சிகிச்சையாளர். குளியலறைச் சுவரில் ஒரு கைபிடி. தொட்டிக்குள் வைக்க ஓர் ஆசனம். காலையில் வந்து குளிக்கவைக்க ஒரு பராமரிப்புப் பணியாளர். இவ்வளவே. கைபிடியின் விலை, கடையில் நான் பார்த்தபோது, வைத்தியசாலை வாகனத் தரிப்பிடத்துக்கு நாங்கள் நாலைந்து நாளில் கட்டிய காசுதான்.

31 நாட்கள் சும்மா போகவில்லை. விழுந்துவிடக் கூடாது என்பதற்காகத் தனியே எழும்ப விடமாட்டார்கள். எழுப்பி நடத்தத் தாதிமாருக்கு நேரமில்லை. "தம்பி, உவையள் என்னை எழும்ப விடினமில்லை. கால் ரெண்டும் எனக்குச் சொந்தமில்லாத மாதிரிக் கிடக்கு" என்றார் ஒருநாள். 2007 இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வைப் பிறகு வாசித்தேன். ஆரோக்கியமான முதியவர்கள் ஒரு பத்துப் பன்னிரண்டு பேரைப் பத்து நாட்கள் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். கால்களிலிருந்து மட்டும் சராசரியாக ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்துபோனது. அவர்கள் நோயாளிகளே அல்ல. ஒரு மாதம் படுத்திருந்த அம்மம்மா, தடியில்லாமல் உள்ளே போனவர், நடைசட்டகத்தோடு வெளியே வந்தார்.

வைத்தியசாலையில் இருந்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். கோபம் வேறோர் இடத்தில். 2010களின் தொடக்கத்தில் ஒன்ராறியோவின் அறிக்கைகளில் ஒரு கணக்கு அடிக்கடி வரும்: ஒரு நாளைக்கு வைத்தியசாலைக் கட்டிலுக்கு 842 டொலர், நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்துக்கு 126, வீட்டுப் பராமரிப்புக்கு 42. இன்று எல்லாமே கூடியிருக்கும். ஆனால் எது மலிவு என்ற வரிசை மாறியிருக்க நியாயமில்லை. 42 டொலரைக் கொடுக்க ஆளில்லாமல் 842 டொலரைச் செலவழிக்கும் இந்த விந்தை ஏன்? 842 ஒரு பையிலிருந்து போகிறது, 42 இன்னொரு பையிலிருந்து போகிறது. அந்த 42 ஐச் சேமிக்கிறவருக்கு, மற்றப் பையில் 842 போவது வலிப்பதில்லை.

இது தெரியாத விஷயமுமல்ல. 2007 இல் ஒன்ராறியோ அரசு, முதியோர் வீட்டிலேயே வாழ்வதற்கென மூன்று ஆண்டுகளுக்குச் சுமார் 70 கோடி டொலர் திட்டமொன்றை அறிவித்தது. 2011 இல் வைத்தியர் டேவிட் வோக்கர் இந்த ஏ.எல்.சி. பிரச்சினைக்கென்றே ஓர் அறிக்கை கொடுத்தார். மவுண்ட் சைனாய் வைத்தியசாலையின் முதியோர் நல வைத்தியர் சமீர் சின்ஹா, மாகாணத்தின் முதியோர் திட்டத்துக்குப் பொறுப்பாக நியமிக்கப்பட்டு எழுதிய விரிவான அறிக்கை 2013 இல் வெளிவந்தது. எல்லாம் சொல்வது ஒன்றையே: வைத்தியசாலையைச் சரிசெய்ய வீட்டிலிருந்து தொடங்குங்கள். இதற்கிடையில் வீட்டுப் பராமரிப்பை ஒழுங்குசெய்யும் அமைப்புகள் 2017 இல் கலைக்கப்பட்டு வட்டாரச் சுகாதார வலையமைப்புகளுக்குள் சேர்க்கப்பட்டன; பிறகு இன்னொரு பெயர்; 2024 ஜூனிலிருந்து எல்லாம் ஒன்றாகி 'ஒன்ராறியோ ஹெல்த் அட்ஹோம்'. எங்கள் துறையிலும் பிழை தீராத மென்பொருளுக்குப் புதிய பதிப்பு எண் கொடுத்து வெளியிடும் வழக்கம் உண்டு. ஆகவே நான் சிரிக்கக்கூடாது.

சுவீடன் 1992 இல் செய்ததை இங்கே சொல்ல வேண்டும். 'ஏடல்' சீர்திருத்தம் என்று பெயர். முதியோர் பராமரிப்பை உள்ளூராட்சி நகரசபைகளிடம் கொடுத்தார்கள். அதோடு ஒரு நிபந்தனை: வைத்தியம் முடிந்துவிட்டது என்று வைத்தியர் எழுதிய பிறகு குறித்த சில நாட்களுக்குள் நகரசபை அந்த முதியவருக்கு வெளியே ஏற்பாடு செய்யாவிட்டால், அதற்குப் பிந்திய ஒவ்வொரு நாளுக்கும் வைத்தியசாலைக் கட்டிலுக்கான பணத்தை நகரசபையே கட்ட வேண்டும். இரண்டு பைகளையும் ஒன்றாகத் தைத்துவிட்டார்கள். அடுத்த சில வருடங்களில் அப்படிக் காத்திருப்பவர்களின் தொகை வெகுவாகக் குறைந்தது. (சுவீடன் சொர்க்கமல்ல. அதன் பிறகு கட்டில்களைக் குறைத்துக் குறைத்து, இன்று ஆள்வீதத்தில் ஐரோப்பாவிலேயே மிகக் குறைந்த கட்டில்கள் உள்ள நாடுகளில் ஒன்றாக நிற்கிறது. அங்கும் இப்போது நெரிசல்.)

ஒன்ராறியோவும் 2022 இல் நாட் கட்டணத்தைக் கொண்டு வந்தது. ஆனால் கட்ட வேண்டியவர் வேறு. அந்த ஆண்டின் சட்டப்படி, ஏ.எல்.சி. நோயாளி சம்மதிக்காவிட்டாலும் அவருக்காக ஒரு நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தைத் தெரிவு செய்யலாம். தென் ஒன்ராறியோவில் 70 கிலோமீற்றருக்குள், வடக்கில் 150 கிலோமீற்றருக்குள். இடம் கிடைத்தும் போக மறுத்து வைத்தியசாலையிலேயே இருந்தால் நாளுக்கு 400 டொலர். சுவீடனில் சபையிடம் கேட்ட பணத்தை இங்கே கிழவியிடம் கேட்கிறார்கள். ஏற்பாடு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் கட்டணம் கேட்டால் வேலை நடக்கும். கட்டிலில் படுத்திருப்பவரிடம் என்ன அதிகாரம் இருக்கிறது?

இருபத்தைந்தாம் நாள் போல ஒரு சமூக சேவையாளர் எங்களைக் கூப்பிட்டு இல்லங்களின் பட்டியலைத் தந்தார். அனுதாபத்தோடுதான் பேசினார். எழுபது கிலோமீற்றர் என்றால் என்னவென்று அன்றிரவு வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தேன். அந்த வட்டத்தின் ஓரத்தில் அம்மம்மாவோடு கதைக்க ஓர் ஆள் இராது. மாதத்தில் ஒருநாள் சோறு கிடைத்தால் அதிர்ஷ்டம். சீனச் சமூகம் இதை நேரத்தோடு உணர்ந்து, வைத்தியர் ஜோசப் வோங் போன்றவர்களின் முயற்சியால் 1994 இலேயே ஸ்காபரோவில் 'யீ ஹாங்' நிலையத்தைத் திறந்தது. அதற்குள் இடம் கிடைக்க வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். மாகாணம் முழுவதும் நீண்டகால இல்லங்களுக்கான காத்திருப்புப் பட்டியல் அண்மை ஆண்டுகளில் 40,000 ஐத் தாண்டியிருக்கிறது. 2020 இல் கோவிட்டின் முதல் அலையில் கனடாவில் இறந்தவர்களில் ஏறத்தாழ 80 வீதமானோர் இப்படியான பராமரிப்பு இல்லங்களோடு சம்பந்தப்பட்டவர்கள் என்பதையும் எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை. அம்மா அழுதார். நான் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, கைபிடியை வாங்கி, கட்டட மேற்பார்வையாளரைக் கெஞ்சி, சுவரில் துளை போட்டேன். ஓர் இல்லத்திலும் கையெழுத்திடவில்லை. இது சரியான முடிவா என்று அப்போது எனக்குத் தெரியாது. இன்னொரு தடவை விழுந்தால் யார் பதில் சொல்வது என்ற சித்தியின் கேள்விக்கு இன்றும் என்னிடம் பதிலில்லை.

விழுந்த பின் செய்வதைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டேன். விழாமல் இருக்கச் செய்வதைப் பற்றித்தான் இன்னும் அதிகம் எழுத வேண்டும். டென்மார்க்கில் கோபன்ஹேகனுக்கு வடக்கே ஸ்கேவிங்கே என்ற சிறிய ஊர். 1984 இலிருந்து அங்கே முதியோர் இல்லத்தையே ஒரு சமூக நிலையமாக மாற்றினார்கள். இல்லத்துக்குள் வேலை செய்த பணியாளர்களும் வீடு வீடாகப் போகும் தாதியரும் ஒரே அணியானார்கள். இரவு பகல் எந்நேரமும் வீட்டுக்கு ஆள் வரும். 1987 இல் நாடு தழுவிய சட்டமே வந்து, பழைய பாணி முதியோர் இல்லங்களைப் புதிதாகக் கட்டுவது நின்றது. 1990களில், 75 வயதைக் கடந்த எல்லோருக்கும், நோயிருந்தாலும் இல்லாவிட்டாலும், நகரசபையிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து பார்க்க முன்வர வேண்டும் என்று விதித்தார்கள். வருகிறவர் என்ன பார்ப்பார்? கம்பளத்தின் மடிப்பு, மாத்திரைப் பெட்டி, குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்கும் சாப்பாடு, கடைசியாக யாரோடு பேசினார் என்பது. அப்படி ஒருவர் ஜனவரி மாதம் அம்மம்மா வீட்டுக்கு வந்திருந்தால், ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று கேட்டிருப்பார்.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. ஒன்ராறியோவிலேயே, மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர்களை முதியோர் வாழும் மானிய வீட்டுக் கட்டடங்களுக்கு அனுப்பினார்கள். அவசர அழைப்புக்கல்ல. வாரத்தில் ஒருநாள் கட்டடத்தின் பொது அறையில் வந்து இருப்பார்கள். இரத்த அழுத்தம் பார்ப்பார்கள், நீரிழிவு அபாயத்தை, விழும் அபாயத்தைக் கேட்டறிவார்கள், குடும்ப வைத்தியருக்கு எழுதி அனுப்புவார்கள். 2018 இல் முடிவு வெளிவந்தது. இந்தச் சேவை இல்லாத கட்டடங்களில் 100 வீடுகளுக்கு மாதம் ஏறத்தாழ நான்கு அம்புலன்ஸ் அழைப்புகள். சேவை இருந்த கட்டடங்களில் மூன்றுக்குச் சற்று மேல். நாலில் ஒன்று கேட்கச் சிறிது. மேலே சொன்ன வரிசைக் கணக்கை ஞாபகப்படுத்திப் பாருங்கள். நிரம்பி வழியும் இடத்தில் அந்த ஒன்றுதான் நடைபாதைக்கும் வார்டுக்கும் உள்ள வித்தியாசம்.

ஆராய்ச்சியாளர்கள் 'இயல்பாய் அமைந்த முதியோர் குடியிருப்பு' என்று ஒன்றைச் சொல்கிறார்கள். யாரும் திட்டமிடாமலே, காலப்போக்கில் முதியவர்கள் அதிகமாகிவிட்ட கட்டடம். கிங்ஸ்ரன் நகரில் அப்படியொரு கட்டடத்தில் 2009 இல் 'ஒயேசிஸ்' என்ற முயற்சி தொடங்கியது: சேர்ந்து சாப்பாடு, சேர்ந்து உடற்பயிற்சி. வாசித்தபோது அம்மம்மாவின் கட்டடம்தான் கண்முன் வந்தது. பின்னேரம் நான்கு மணிக்குக் கீழ்த்தள வாசற்கூடத்தில் பத்துப் பதினைந்து தமிழ் முதியவர்கள் கதிரைகளில் இருப்பார்கள். யார் இன்றைக்கு இறங்கி வரவில்லை என்பது அவர்களுக்கு எந்த அரசாங்கத்தையும் விட முதலில் தெரியும். அதே கட்டடத்தில் பராமரிப்புப் பணியாளராக வேலை செய்யும் தமிழ்ப் பெண்கள் மூவராவது இருக்கிறார்கள். காலை ஐந்து மணிக்கு இரண்டு பஸ் மாறி வேறோர் ஊரில் யாரையோ குளிக்கவைக்கப் போகிறார்கள். அம்மம்மாவைக் குளிக்கவைக்க இன்னோர் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வேறொருவர் வருகிறார். பனி கொட்டும் நாளில் வருவதில்லை. ஒரே கட்டடத்துக்கு ஒரே அணி என்று வைத்தால் பஸ்ஸில் போகும் நேரமெல்லாம் பராமரிப்பு நேரமாகிவிடும். கட்டளை நிரல் எழுதும் ஒருவனுக்கு இந்த ஒதுக்கீட்டைப் பார்க்கக் கை துடிக்கிறது. ஆனால் ஒப்பந்தங்கள் நிறுவனம் நிறுவனமாகப் பிரிந்து கிடக்கும்போது நிரலால் ஆவது குறைவு.

கடந்த இலையுதிர் காலத்தில் நானும் அந்தப் பெண்களில் ஒருவரும் கட்டட நிர்வாகத்திடம் போய், கீழ்த்தளத்தில் பூட்டிக் கிடக்கும் அறையைக் கிழமையில் ஒருநாள் தரமுடியுமா என்று கேட்டோம். காப்புறுதிப் பிரச்சினை என்றார்கள். கடிதமாகக் கொடுத்தோம். 42 பேர் கையெழுத்திட்டார்கள். அவர்களில் ஒன்பது பேர் தமிழில். பதில் வரும்வரை வாசற்கூடத்திலேயே செவ்வாய்க்கிழமைகளில் ஓர் இரத்த அழுத்தக் கருவியை வைத்துப் பார்க்கிறோம். பார்ப்பவர் அந்தப் பெண். எண்களைக் கொப்பியில் எழுதுவது என் வேலை. மருந்தாளர் ஒருவர் மாதமொருமுறை வந்து மாத்திரைகளைப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார். மாத்திரைகளை ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொன்னோம். முதல் நாள் ஒரு தாத்தா கொண்டுவந்த பையில் 14 போத்தல்கள் இருந்தன. அவற்றில் இரண்டு, நான்கு வருடங்களுக்கு முன் காலமான அவருடைய மனைவியின் பெயரில் இருந்தன. அம்மம்மா நடைசட்டகத்தோடு இறங்கி வந்து, வரிசையில் யார் முதல் என்று ஒழுங்குபடுத்துகிறார்.